கொல்லிமலைக்கு சைக்கிளில் பெண்களும் போகலாம்! தடையாக இருப்பது 70 வளைவு அல்ல

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலை என்றாலே 70 கொண்டை ஊசி வளைவுகள்தான் ஞாபகத்துக்கு வரும். காரவள்ளி அடிவாரத்தில் இருந்து 1000 மீட்டருக்கும் அதிக உயரத்தில் உள்ள மலைக்கு இழுத்துப் போகும் இந்த ரோடு, சைக்கிள் பிரியர்களுக்கு பெரிய சவால். கூட்டமாக மிதித்து ஏறி, ராத்திரி கூடாரம் போட்டு தங்கி, மறுநாள் இறங்குவதில் தனி குஷி.

ஆனால் இப்படி போகிறவர்கள் யார்? கியர் சைக்கிள் வாங்க வசதி இருப்பவர்கள், சேர்ந்தாற்போல 2 நாள் லீவு கிடைப்பவர்கள். அதிலும் பெரும்பாலும் ஆண்கள். மில் வேலைக்கு போகும் பெண், கொத்தனார், சித்தாள், பார்வையற்றவர், ஏன் கொல்லிமலையிலேயே பிறந்து வளர்ந்த மலையாளி பழங்குடி மாணவி கூட அந்த கூட்டத்தில் இருப்பது அபூர்வம். இவர்கள் காலில் தெம்பு இல்லையா? அதெல்லாம் இல்லை. ஏற்பாடுதான் இல்லை.

புதுக்கோட்டை பெண்கள்

இதற்கு பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்து பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். "பொம்பளை சைக்கிள் ஓட்டுறதா?" என்று ஊர் கேலி பேசியது. கல் குவாரி தொழிலாளிகளும், விவசாயக் கூலி பெண்களும் அதை காதில் வாங்கவில்லை. 1992 மகளிர் தினத்தில் 1500-க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்தபடி சைக்கிள் பேரணி வந்தனர். மாவட்டத்தில் சைக்கிள் கற்ற பெண்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

லேடீஸ் சைக்கிளுக்கு தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதிலும் ஒரு லாபம் பார்த்தார்கள்.

அங்கே வேலை செய்தது வெறும் பேச்சு அல்ல. பழக ஒரு சைக்கிள், சொல்லித்தர ஆள், ஓட்டிப் பார்க்க ஒரு மைதானம், கூட வர தோழிகள். தனியாக போனால் கேலி செய்பவன், கூட்டமாக வந்தால் வழி விடுவான். மலைப் பயணத்துக்கும் இதே கணக்குதான்.

வீட்டு சைக்கிள் போதுமா?

தமிழக அரசின் இலவச சைக்கிள் திட்டம் 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு தொடங்கி, பிறகு மற்றவர்களுக்கும் விரிவானது. அந்த சைக்கிள் பல வீடுகளில் சும்மா நிற்கிறது. கியர் இல்லாத அதை வைத்து 70 வளைவும் மிதித்து ஏறுவது கஷ்டம்தான். அதற்காக வீட்டிலேயே இருக்க வேண்டியது இல்லை. சைக்கிள்களை மினி லாரியில் ஏற்றிவிட்டு, ஆட்கள் பஸ்சில் போகலாம். மேலே சோளக்காடு, செம்மேடு, அறப்பளீஸ்வரர் கோவில் என்று சுற்றி வரலாம். ஏற்றம் வந்தால் இறங்கி தள்ளலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இறங்கும்போதுதான் உஷார் தேவை. பிரேக் கட்டையும் வயரும் புதுசாக இருக்க வேண்டும். ஒரேயடியாக பிரேக்கை பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடாகி பிடிமானம் குறையும். விட்டு விட்டு பிடித்து, அடிக்கடி நின்று இறங்க வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் பஸ்சிலேயே இறங்குவது நல்லது.

மெதுவானவர் முன்னால்

வேகமானவர்கள் பறந்துவிட, புதியவர் தனியாக மாட்டிக்கொள்வதுதான் பலரை மறுமுறை வரவிடாமல் செய்கிறது. மெதுவாக மிதிப்பவரை முன்னால் விடுங்கள். பஞ்சர் ஒட்டத் தெரிந்தவர் கடைசியில் வரட்டும்.

பார்வையற்றவருக்கு 2 பேர் மிதிக்கும் சைக்கிள் இருக்கிறது. முன்னால் இருப்பவர் ஹேண்டில் பிடிக்க, பின்னால் இருப்பவர் மிதிப்பார். பார்வையற்ற திவ்யான்சு கனத்ரா இப்படித்தான் 2016-ல் மணாலியில் இருந்து இமயமலையின் கர்துங்லா கணவாய்க்கு போனார்.

கழிப்பறையும் கூலியும்

பெண்கள் வராததற்கு யாரும் வாய்விட்டு சொல்லாத காரணம் கழிப்பறை. தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, தண்ணீர், ராத்திரி விளக்கு, பெண்களுக்கு தனி கூடாரம் ஆகியவற்றை கிளம்பும் முன்பே உறுதி செய்ய வேண்டும். அது கிடைக்காவிட்டால் செம்மேட்டில் ரூம் எடுத்து தங்கிவிடலாம்.

அடுத்தது காசு. தினக்கூலிக்காரருக்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு. சனிக்கிழமை வேலை முடிந்து கிளம்பி ஞாயிறு இரவு திரும்பினால் அந்த நஷ்டம் இல்லை. கூடாரம், ஹெல்மெட் எல்லாம் குழுவுக்கு பொதுவாக வாங்கினால் ஆளுக்கு செலவு குறையும்.

ஒரு எச்சரிக்கை

காட்டுக்குள் இஷ்டத்துக்கு கூடாரம் போடக்கூடாது. வனத்துறை அனுமதி வேண்டும். பட்டா நிலம் என்றால் உரிமையாளரிடம் கேட்க வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி காட்டுத்தீயில் மலையேற்றம் போன 20-க்கும் மேற்பட்டோர் பலியானதை மறக்க முடியாது. காட்டில் நெருப்பு மூட்டவே கூடாது.

வழிகாட்டவும், சமைத்துப்போடவும் மலைவாசிகளையே அழைத்தால் அவர்களுக்கும் நாலு காசு கிடைக்கும். அவர்கள் வீட்டுப் பெண்ணுக்கும் ஒரு சைக்கிள் கொடுத்து, "நீயும் வா கண்ணு" என்று கூப்பிட்டுப் பாருங்கள். அந்த மலை ரோட்டை அவளைவிட நன்றாக தெரிந்தவர் கூட்டத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.