பவர் வீடரும் பத்து சென்டிமீட்டரும்

மெக்கானிக்கல் படிக்கிறவன் என்ற ஒரே காரணத்தால் ஊரில் எந்த மெஷின் வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். போன விடுமுறையில் எங்கள் மரவள்ளிக் காட்டில் களையெடுக்க ஒரு பெட்ரோல் பவர் வீடரை வாடகைக்கு எடுத்தோம். நட்டு இரண்டு மாதம் ஆன செடி. வரிசைக்கு வரிசை 90 செ.மீ. மெஷினின் உழவு அகலம் 80 செ.மீ. "பக்கத்துக்கு 5 செ.மீ. மிச்சம் இருக்கே, தாராளமாப் போகும்" என்று மனக்கணக்குப் போட்டு ஓட்டிவிட்டேன்.

நான்கு வரிசை ஜோராகப் போனது. மறுநாள் பார்த்தால் அந்த நான்கு வரிசையிலும் செடிகள் வாடித் தொங்கின. மண்ணைக் கிளறினால் வேர் அறுந்து கிடக்கிறது. மரவள்ளியில் வேர்தானே பருத்துக் கிழங்காகிறது! அப்பா திட்டவில்லை. "மிச்சக் களையைக் கொத்துல எடுத்துக்கலாம். அறுந்த வேரை எதுலடா ஒட்டுவே?" என்று மட்டும் கேட்டார்.

நான் விட்ட கணக்கு இரண்டு. ஒன்று, வேர் பரவியிருக்கும் தூரம். மற்றொன்று, ஓட்டும்போது கைப்பிடி இப்படியும் அப்படியும் போகும் ஆட்டம். ஒரு செடியின் ஓரத்தில் தோண்டிப் பார்த்தேன். வேருக்கு 15, ஆட்டத்துக்கு 5, ஆகப் பக்கத்துக்கு 20 செ.மீ. விட வேண்டும் என்று முடிவு செய்தேன். 90-இல் 40 போக, உழவு அகலம் 50 செ.மீ.

அகலத்தைக் குறைப்பது சுலபம். இன்ஜினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள காப்புத் தட்டை எடுத்து, பின்னை உருவி, கடைசிக் கத்தித் தொகுதியை வெளியே இழுக்க வேண்டும். எங்கள் மெஷினில் ஒரு தொகுதி 15 செ.மீ.; பக்கத்துக்கு ஒன்று எடுத்ததும் 50 வந்துவிட்டது. இரண்டு பக்கமும் சமமாக எடுக்காவிட்டால் மெஷின் ஒரு பக்கமாக இழுக்கும். வலது தொகுதியை இடதில் மாட்டினால் கத்தியின் முதுகு மண்ணில் மோதி மெஷின் குதிக்கும். கூர்முனை சுழலும் திசையைப் பார்க்கிறதா என்று கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். காப்புத் தட்டைத் திரும்ப மாட்ட மறக்காதீர்கள். பின் தொலைந்தால் ஆணியைச் செருகாதீர்கள், உடைந்துபோகும்.

அகலம் குறைந்தால் அதே எடை குறைவான கத்திகளின் மேல் விழுவதால் மெஷின் ஆழமாக இறங்கும். களைக்கு 5 செ.மீ. ஆழமே போதும். அதனால் பின்னால் உள்ள ஆழக் கம்பியை ஒரு துளை மேலே ஏற்றினேன்.

"அகலத்தைக் குறைத்தால் நேரம் கூடாதா?" என்று கேட்பீர்கள். வெற்றுக் காட்டில் கூடும். வரிசைப் பயிரில் கூடாது! ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். அதை 0.9-ஆல் வகுத்தால் நடக்க வேண்டிய தூரம் சுமார் 4,500 மீட்டர். மணிக்கு 2 கி.மீ. வேகத்தில், திரும்பும் நேரம் நீங்கலாக, இரண்டேகால் மணி. கத்தி 80 ஆனாலும் 50 ஆனாலும் நடை ஒன்றுதான். செடியோரக் களைக்கு மட்டும் கொத்து கூடுதலாக வேண்டும்.

மீதி வரிசைகளை அப்படித்தான் ஓட்டினேன். ஒரு செடிகூட வாடவில்லை. முதல் நான்கு வரிசையை அப்பா இன்னும் 'டிப்ளமோ வரிசை' என்றுதான் சொல்கிறார்!