முன்னப்பின்ன எவ்வளவு?

"அருப்புக்கோட்டை 32.4 மி.மீ." என்று ஒருநாள் மழைக்கணக்கு அச்சாகியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஊரை ஒட்டியே இருக்கிறது பாளையம்பட்டி. அங்கே புஞ்சை வைத்திருப்பவர் அதைப் படித்துவிட்டு, "எங்க பெஞ்சுச்சாம்? நம்ம பக்கம் புழுதிகூட அடங்கலையே" என்று கேட்பார். கணக்கு எழுதியவரும் பொய் சொல்லவில்லை, இவரும் பொய் சொல்லவில்லை.

அந்த 32.4 எப்படி வந்தது? இந்திய வானிலைத் துறை பயன்படுத்தும் சாதாரண மழைமானியில் ஒரு புனலும் அடியில் ஒரு பாத்திரமும்தான் உண்டு. பெரிய வகைப் புனலின் வாய்ப்பரப்பு 200 சதுர சென்டிமீட்டர். முந்தைய 24 மணி நேரத்தில் விழுந்த நீரைக் காலை 8.30க்கு அளவுக் குவளையில் ஊற்றிப் பார்க்கிறார்கள். புள்ளிக்குப் பின்னால் இருக்கிற '4' அங்கிருந்து வருகிறது. இந்தப் புனலில் 0.1 மி.மீ. மழை என்பது 2 மில்லிலிட்டர் தண்ணீர். புனலின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு கீழே இறங்காத ஈரமே அதில் ஒரு பங்கு இருக்கும்.

கருவி நுட்பமானதுதான். ஆனால் ஒரு சதுர கிலோமீட்டரில் அந்தப் புனல்வாயைப் போல ஐந்து கோடி வாய்களை அடுக்கலாம். நாம் வைத்திருப்பது ஒன்று. அதுவும் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஒன்று அல்ல, பல கிராமங்களுக்குச் சேர்த்து ஒன்று. கிறிஸ் கிட் என்ற வானிலை ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2017இல் ஒரு கணக்குப் போட்டார்கள். தரவு கிடைக்கக்கூடிய மழைமானிகள் அத்தனையின் வாயையும், உலகம் முழுக்க, சேர்த்து வைத்தால்கூடப் பாதிக் கால்பந்து மைதானம் நிரம்பாதாம். உலகத்து மழையை அந்த இடத்தை வைத்துத்தான் நேரடியாக அளக்கிறோம்.

கரிசக்காட்டில் மாலை நேரத்து இடிமழை மேகம் சில கிலோமீட்டர் அகலத்துக்குமேல் போகாது. அது மழைமானியின் தலைக்குமேல் கொட்டினால் தாலுகாவுக்கே மழை; கொஞ்சம் தள்ளிக் கொட்டினால் ஏட்டில் பூஜ்யம். இடிமழைதான் இப்படி என்றில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களையே மூழ்கடித்த பெருமழையில், 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவானது 95 செ.மீ.; திருச்செந்தூரில் 69 செ.மீ. இரண்டுக்கும் இடையே தூரம் எட்டு கிலோமீட்டர் போலத்தான்.

காற்று இன்னொரு வகையில் கணக்கைக் கெடுக்கிறது. 1766இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் மூன்று உயரங்களில் மழைப் பாத்திரம் வைத்தார். ஓராண்டில் எல்லாவற்றிலும் தாழ்வாக இருந்ததில் 22.6 அங்குலம் சேர்ந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தின் உச்சியில் வைத்ததில் 12.1தான். மழைத்துளி கீழே இறங்க இறங்கப் பருக்கிறது என்றெல்லாம் பலர் விளக்கம் சொல்லிப் பார்த்தார்கள். 1861இல் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் (ஆமாம், பின்னால் பொருளியலில் பேர் வாங்கியவரேதான்) சரியான காரணத்தைச் சொன்னார்: பாத்திரத்தில் மோதும் காற்று அதன் வாய்க்குமேல் எழும்பி வேகமெடுத்து, துளிகளை அப்பால் தள்ளிவிடுகிறது. உயரே போகப் போகக் காற்று பலம், பாத்திரத்தில் சேரும் நீர் குறைவு.

இரண்டு பிழைக்கும் சுபாவம் வேறு. மேகம் தள்ளிப் பெய்வதால் வரும் பிழை ஒருநாள் கூட்டிக் காட்டும், ஒருநாள் குறைத்துக் காட்டும். ஆயிரம் மானிகளைச் சேர்த்து நான்கு மாதச் சராசரி எடுத்தால் பெரும்பகுதி அடிபட்டுப்போகும். காற்று அப்படி இல்லை. எப்போதும் குறைத்தே காட்டும். எத்தனை மானிகளைச் சேர்த்தாலும் அது அடிபடாது, தனியாகத்தான் திருத்த வேண்டும்.

அளவில் மட்டுமல்ல, கணிப்பிலும் முன்னப்பின்ன உண்டு. நாடு முழுவதற்குமான தென்மேற்குப் பருவமழைக் கணிப்பில் வானிலைத் துறை ஒரு கூட்டல்-கழித்தல் குறியும் போடுகிறது. 2023 ஏப்ரலில் சராசரியில் 96 சதவீதம், 5 கூடலாம் குறையலாம் என்றார்கள், வந்தது 94. 2024இல் 106, அதே 5, வந்தது 108. இரண்டும் சொன்ன எல்லைக்குள்ளேயே. நமக்குச் சோறு போடும் வடகிழக்குப் பருவமழைக்கு வாருங்கள். ஐந்து உட்பிரிவுகள் சேர்ந்த தென்தீபகற்பத்தில் 88 முதல் 112 சதவீதம் வரை பெய்தாலே 'இயல்பு' என்கிறார்கள். பரப்பு சுருங்கச் சுருங்க முன்னப்பின்ன என்பது விரிந்துகொண்டே போகிறது. இந்தியா என்றால் ஏறக்குறைய நிச்சயம். பாளையம்பட்டி என்றால் கையை விரிக்க வேண்டியதுதான்.

இந்தச் சீமை விவசாயி "ஒரு உழவு மழை" என்பார். நிலம் ஒரு உழவு உழுவதற்கு ஏற்ற பதமாக நனைந்திருக்கிறது என்று அர்த்தம். அதில் புள்ளியும் இல்லை, மில்லிமீட்டரும் இல்லை. ஆனால் அளந்த இடம் அவருடைய சொந்தப் புஞ்சை. கம்போ உளுந்தோ விதைக்கலாமா என்ற கேள்விக்கு, அருப்புக்கோட்டையில் அளந்த 32.4ஐவிட இதுவே மேல் என்பது என் கட்சி.

காப்பீடு வரும்போது இந்தக் கட்சி செல்லாது. 2003இல் அன்றைய ஆந்திரத்து மகபூப்நகரில் பேசிக்ஸ் அமைப்பும் ஐசிஐசிஐ லொம்பார்டும் நிலக்கடலை, ஆமணக்கு விவசாயிகளுக்கு மழையளவுக் காப்பீட்டைத் தொடங்கின. குறித்த அளவுக்குக் கீழே மழை பதிவானால் பணம். பயிரை யாரும் வந்து பார்க்க வேண்டியதில்லை. வசதியான ஏற்பாடு. ஆனால் மானி இருக்கும் இடத்தில் பெய்து, காட்டில் பெய்யாமல் போனால் பணம் கிடையாது. அளவையில் உள்ள சந்தேகம் முழுவதும் விவசாயி தலையில் விழுகிறது.

செயற்கைக்கோள் இருக்கிறதே என்று கேட்கலாம். அமெரிக்காவும் ஜப்பானும் 2014இல் அனுப்பிய மழை அளவிடும் கோளை மையமாக வைத்து, அரைமணிக்கு ஒருமுறை உலக மழை வரைபடம் போடுகிறார்கள். அதில் ஒரு கட்டம் பத்து கிலோமீட்டர் போல. அருப்புக்கோட்டையும் பாளையம்பட்டியும் ஒரே கட்டத்துக்குள் வந்துவிட்டால், நனைந்த ஊருக்கும் காய்ந்த ஊருக்கும் சேர்த்து ஒரே மழைதான்.