பெயரெழுதாத கல்லறைகள்

பாய்க்கப்பலிற் பயிலச் செல்லும் மாணவருக்குக் கடலே வகுப்பறை என்பர். எனினும், கடல் கற்பிக்காத சிலவற்றைக் கரை விடுப்புக் கற்பித்துவிடுகிறது. தென் அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுவே தனித்துக் கிடக்கும் சென்ற் ஹெலினாத் தீவில் எனக்குக் கிடைத்த இரண்டு நாள் விடுப்பு அத்தகையது.

தென்னாபிரிக்காவின் கேப்ரவுண் துறைமுகத்திலிருந்து அத்தீவு ஏறத்தாழ 1,700 கடல்மைல் தொலைவிலுள்ளது. தென்கிழக்கிலிருந்து ஓயாது வீசும் வியாபாரக் காற்றைப் பாய்களில் ஏந்திக்கொண்டு எங்கள் மும்மரக் கப்பல் இரு வாரங்களுக்கு மேலாக ஓடிற்று. நாலு மணித்தியாலக் காவல், சுக்கான் பிடித்தல், மரமேறிப் பாய் சுருட்டல், தளங் கழுவல் ஆகியனவே எங்கள் நாளாந்தப் பாடங்கள். ஒருநாட் காலையில், நீரிலிருந்து செங்குத்தாக எழுந்து நின்ற கரும்பாறைச் சுவரொன்றைக் கண்டோம். பசுமை மருந்துக்கும் இல்லை. அச்சுவருக்கு அப்பால், மேட்டுநிலத்தில், மேகந் தங்கும் காடும் புல்வெளியும் உண்டென்பதைக் கடலிலிருந்து பார்ப்பவர் நம்பார்.

122 சதுர கிலோமீற்றர் பரப்பே உடைய இச்சிறு நிலத்தை 1659ஆம் ஆண்டிற் கிழக்கிந்தியக் கம்பனி கைக்கொண்டது. 1869இல் சுயெஸ் கால்வாய் திறக்கப்படும்வரை, கீழைத்தேயங்களிலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஐரோப்பாவுக்கு மீண்ட கப்பல்கள் பல இங்கே நீரெடுத்தன. சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற கலங்களும் நீருக்கும் உணவுக்குமாக இத்துறையைத் தொட்டன. எங்கள் நங்கூரம் வீழ்ந்தபோது, நம்மவர் எத்தனை பேர் கப்பற்றட்டில் நின்று இப்பாறையைப் பார்த்து ஏங்கியிருப்பரோ என்று எண்ணிக்கொண்டேன். அவர்களுக்குக் கரை விடுப்பு ஏது?

எங்களுள் இரண்டு காவலினர் கரையேற, ஒரு காவலினர் முறைவைத்துக் கப்பலிற் தங்கினர். ஜேம்ஸ்ரவுண் நகரிற் பெருங்கப்பல் அணையும் துறை இல்லை. படகிற் சென்று, அலை உயரும் கணம் பார்த்து, இறங்குபடியின் மேலே தொங்கும் கயிற்றைப் பற்றித் தாவவேண்டும். இரு மலைகளுக்கிடையே ஒடுங்கிக் கிடக்கும் அந்நகரின் ஒரு பக்கத்தே, மலைமுகட்டுக்கு 699 படிகள் நேராக ஏறுகின்றன. என் தோழர் சிலர் அவற்றை ஏறி வெற்றி கொண்டாடினர். நான் முதல் நாள் நெப்போலியனின் கல்லறையை நாடிச் சென்றேன்.

உள்நாட்டு மேட்டிலே, மரங்கள் சூழ்ந்த அமைதியான பள்ளத்தாக்கிலே, இரும்புவேலிக்குள் ஒரு தட்டைக்கல் கிடக்கிறது. அதில் ஓர் எழுத்தும் இல்லை. 1815இற் சிறைக்கைதியாகக் கொணரப்பட்ட நெப்போலியன், 1821 மே 5ஆந் திகதி இங்கே உயிர்நீத்தார். 'நெப்போலியன்' என்று மாத்திரம் பொறிக்கவேண்டும் என்றனர் அவருடைய தோழர். குடும்பப் பெயராகிய 'பொனபார்ட்' என்பதையும் சேர்க்கவேண்டும் என்றார் பிரித்தானிய ஆளுநர் ஹட்சன் லோ. முன்னையது மன்னனுக்குரிய பெயர். பின்னையது சேர்ந்தால் அவர் வெறும் தளபதி. வழக்குத் தீரவில்லை, கல் வெறுமையாகவே நின்றுவிட்டது. 1840 ஒக்ரோபரில் 'பெல் பூல்' என்னும் பிரெஞ்சுப் போர்க்கப்பல் வந்து அவருடலைப் பாரிசுக்கு எடுத்துச் சென்றது. ஆகவே, பயணிகள் இன்று மலையேறிச் சென்று வணங்குவது ஒரு வெறுங்குழியையே.

மறுநாள், நகருக்கு அடுத்துள்ள ரூபேட் பள்ளத்தாக்குக்குச் சென்றேன். வறண்டு வெளிறிய அப்பள்ளத்தாக்கைத் தேடி வருவோர் மிகச் சிலரே. பேரரசன் உடல் தோண்டியெடுக்கப்பட்ட அதே 1840ஆம் ஆண்டில், அடிமைக் கப்பல்களைப் பிடித்த பிரித்தானியக் கடற்படை, அவற்றிலிருந்த ஆபிரிக்கரை இத்தீவிற் கொண்டுவந்து இறக்கத் தொடங்கிற்று. எங்கள் பாய்களை நிறைத்த அதே காற்றுத்தான் அக்கப்பல்களையும் இங்கே கொணர்ந்தது. முப்பது ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் 25,000 பேருக்கு மேல் இவ்வாறு இறக்கப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 8,000 பேர் அம்மையாலும் வயிற்றோட்டத்தாலும் பிற நோய்களாலும் மாண்டு இம்மண்ணிற் புதைந்தனர். பிழைத்தோரிற் பெரும்பாலார் மேற்கிந்தியத் தோட்டங்களுக்குக் கூலிகளாக அனுப்பப்பட்டனர். விடுதலை என்ற சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் உண்டென்பதை அகராதிகள் கூறா.

விமான நிலையம் அமைப்பதற்கான வீதிவேலையின் பொருட்டு 2008இல் இங்கே அகழ்ந்தபோது, 325 பேரின் எச்சங்கள் வெளிப்பட்டன. அவர்களுட் பெரும்பகுதியினர் சிறுவரும் இளைஞரும். சிலருடைய எலும்புகளோடு மணிகளும் காப்புகளும் கிடந்தன. யாவும் பறிக்கப்பட்ட பின்னரும் எவ்வாறோ காத்து வைத்திருந்த உடைமைகள் அவை. அவ்வெச்சங்கள் நெடுங்காலம் நகரிலுள்ள கட்டடமொன்றில் வைக்கப்பட்டிருந்து, 2022இலேயே மீண்டும் அப்பள்ளத்தாக்கில் அடக்கஞ் செய்யப்பட்டன.

அங்கே நின்றபோது முந்திய நாள் கண்ட கல் என் நினைவுக்கு வந்தது. அங்கும் பெயரில்லை, இங்கும் பெயரில்லை. ஆனால், அங்கே இரு தரப்பினர் ஒரு பெயருக்காக வாதிட்டமையாற் கல் வெறுமையாயிற்று. இங்கே அவர்களின் தாயார் இட்ட பெயர்களைக் கல்லில் எழுதவேண்டுமென எவரும் எண்ணியதேயில்லை.

அன்று மாலை கப்பலிற் சேர்ந்ததும், துணைத் தலைவர் வழமைபோலப் பெயரேட்டை விரித்து எங்களை ஒவ்வொருவராக அழைத்தார். எல்லோரும் வந்துவிட்டோம் என்று உறுதியான பின்னரே நங்கூரத்தைத் தூக்கக் கட்டளையிட்டார். என் பெயருக்கு விடையிறுத்தபோது, பெயர் சொல்லி அழைக்கப்படுவது எத்துணைப் பெரும்பேறு என்பதை முதன்முறையாக உணர்ந்தேன்.

நம் பாடசாலைகளில் நெப்போலியனின் வரலாறு கற்பிக்கப்படும்போது, அவரது இறுதியிடமாகச் சென்ற் ஹெலினாவின் பெயர் ஒரு வரியில் வந்து போகிறது. ஆசிரியர்கள் அந்த வரியோடு இன்னும் ஒரு வரியைச் சேர்த்து, அடுத்த பள்ளத்தாக்கைப் பற்றியும் மாணவருக்குச் சொல்வார்களாயின், அவ்வெண்ணாயிரவரும் ஒரு வகுப்பறையிலேனும் நினைக்கப்பட்டவராவர்.