பூமி ஆடினால் பதறாதீர்கள்!



"நம்ம நாட்டுக்குப் பூகம்பம் வராது" என்று சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்துவிட்டார்கள். பெரிய பூகம்பம் இங்கே அபூர்வம் என்பது உண்மைதான். ஆனால் சின்ன ஆட்டம் வந்திருக்கிறது. நம் பகாங் மாநிலத்திலேயே வந்திருக்கிறது. 2007 நவம்பர் கடைசியில் பெந்தோங் பக்கம் புக்கிட் திங்கியில் பூமி குலுங்கியது. 2009 வரை அங்கே அவ்வப்போது சின்னச் சின்ன ஆட்டங்கள் பதிவாயின. 2025 ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஜொகூர் சிகாமட்டில் 4.1 அளவில் ஓர் ஆட்டம். பூமிக்கடியில் உள்ள பழைய பாறை வெடிப்புகள் இறுக்கம் தாங்காமல் கொஞ்சம் நகர்ந்தால் இப்படி ஆகும். ஆதிசேஷன் தலையை அசைப்பதும் இல்லை, தெய்வக் குற்றமும் இல்லை.

இந்த அளவு ஆட்டம் சில விநாடிகளில் நின்றுவிடும். கெடுதல் செய்வது பெரும்பாலும் நம் பதற்றம்தான். படியில் விழுந்து இடுப்பை முறித்துக்கொள்வதும், கொதிக்கிற சட்டியைத் தட்டிவிடுவதும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடுவதும் அதனால்தான்.

ஆட்டமா, தலைசுற்றலா?

படுத்திருப்பவருக்கும் உட்கார்ந்திருப்பவருக்கும் லேசான ஆட்டம் தெரியும். மலையில் நடந்துகொண்டு கொழுந்து எடுப்பவருக்குத் தெரியாமலே போகும். அதனால் "உனக்குப் பிரமை" என்று யாரையும் கேலி செய்யாதீர்கள். சந்தேகம் வந்தால் ஒரு கிளாஸில் தண்ணீர் ஊற்றி மேஜையில் வையுங்கள். தண்ணீர் அசையாமல் இருந்து உங்களுக்கு மட்டும் ஆடினால், அது தலைசுற்றல்.

ஆட்டம் நின்ற பிறகும் சிலருக்குப் படகில் இருப்பது போலவே இருக்கும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு குழம்புவதால் வருவது அது. உட்கார்ந்து, அசையாத ஒரு பொருளைப் பார்த்து, மெதுவாக மூச்சு விடுங்கள். தானாகத் தணியும். நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், வேர்வை எல்லாம் பயத்தினால் வருபவை. அரை மணிக்குள் குறையும். ஆனால் நெஞ்சு வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், மூச்சுத் திணறினால், "பயந்துட்டாரு" என்று விட்டுவிடாதீர்கள். உடனே 999க்குப் போன் செய்யுங்கள். கர்ப்பிணிக்கு வயிற்று வலியோ இரத்தப் போக்கோ இருந்தாலும், பிள்ளை அசைவு குறைந்தாலும் அப்படியே. பிரஷர், இனிப்புநீர் மாத்திரைகளை அந்தக் களேபரத்தில் மறக்க வேண்டாம்.

ஆடும்போது

வீட்டுக்குள் இருந்தால் கண்ணாடி ஜன்னலையும் அலமாரியையும் விட்டு விலகி, கெட்டியான மேஜைக்குக் கீழே தலையை மறைத்து உட்காருங்கள். கட்டிலில் இருந்தால் அங்கேயே தலையணையால் தலையை மூடுங்கள். வெளியில் இருந்தால் சுவர், மின்கம்பம், மேட்டுச் சரிவு ஆகியவற்றை விட்டு வெட்டவெளிக்கு வாருங்கள். மலையில் இருந்தால் கொழுந்து வெட்டும் மெஷினை நிறுத்திவிட்டு உட்காருங்கள். ஆட்டம் நின்றதும் முதல் வேலை, கேஸ் தோம்பை மூடுவது. வாடை வந்தால் நெருப்பும் வேண்டாம், சுவிட்சும் வேண்டாம்.

அடிபட்டவருக்கு இரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள். எலும்பு முறிந்த மாதிரி தெரிந்தால் எண்ணெய் தேய்த்து உருவாதீர்கள். பலகையோ குடையோ வைத்து அசையாமல் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள். தலையில் அடிபட்டவர் வாந்தி எடுத்தால், தூங்கித் தூங்கி விழுந்தால், தாமதம் கூடாது.

சரிவுதான் நமக்குப் பயம்

சபாவில் 2015 ஜூன் 5ந் தேதி 6.0 அளவில் பூமி ஆடியது. கினபாலு மலையில் 18 பேர் இறந்தார்கள். அங்கே எமனாக வந்தது உருண்டு விழுந்த பாறை. கேமரன் மலையில் ஆட்டமே இல்லாமல், வெறும் மழைக்கே மண் சரிகிறது. ஆகவே ஆட்டத்துக்குப் பிறகு மழை பெய்தால் இரட்டைக் கவனம் வேண்டும். தரையில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று இறுகிக்கொண்ட கதவு, மலை ஊற்றில் கலங்கல் தண்ணீர் ஆகியவை அடையாளங்கள். கண்டால் பிள்ளைகளையும் வயசானவர்களையும் முதலில் அப்புறப்படுத்துங்கள்.

கேட்பது உரிமை

லயத்துச் சுவரில் வெடிப்பு இருந்தால் தேதி போட்டுப் படம் எடுத்து, கமிட்டித் தலைவர் மூலம் எழுத்தில் நிர்வாகத்துக்குக் கொடுங்கள். தொழிலாளர் வீடுகளைப் பழுது பார்த்து வைப்பது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வேலை இடத்தில் உடனடி ஆபத்து இருந்து, நிர்வாகத்திடம் சொல்லியும் நடவடிக்கை இல்லையென்றால், அந்த இடத்தை விட்டு விலகும் உரிமை 2024 ஜூன் 1 முதல் சட்டத்திலேயே இருக்கிறது. "சரிவுக்குக் கீழே நிற்க மாட்டோம்" என்று சொல்வது சோம்பேறித்தனம் அல்ல.

வாட்ஸ்அப்பில் "இன்னிக்கு ராத்திரி பெரிசா வரும்" என்று எவனாவது அனுப்பினால் நம்பாதீர்கள். பூகம்பம் வரும் நேரத்தை முன்கூட்டிச் சொல்ல இதுவரை யாராலும் முடியவில்லை. வானிலை இலாகா சொல்வதை மட்டும் கேளுங்கள்.

இந்த வாரமே வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து, எந்த மேஜை, எந்த வெட்டவெளி, தாத்தா பாட்டியை யார் பார்ப்பது என்று பேசி வையுங்கள். பக்கத்து லயத்து வங்காளதேசத் தொழிலாளிக்கும் சைகையாலாவது சொல்லிக் கொடுங்கள். மண் சரிந்தால் அது ஆள் பார்த்துச் சரியாது.