நவுரு: மேடு போன பிறகு

பசிபிக் பெருங்கடலில் 21 சதுர கிலோமீட்டர் பரப்பும் சுமார் 12,000 மக்களும் கொண்ட குட்டி நாடு நவுரு. தலைநகர் என்று அறிவிக்கப்பட்ட ஊர்கூடக் கிடையாது. ஆனாலும் 1970களில் தனிநபர் வருமானத்தில் உலகின் முன்வரிசையில் இருந்தது. அத்தனையும் பாஸ்பேட் தந்த பணம்.

1900இல் அங்கே பாஸ்பேட் இருப்பது தெரியவந்தபோது தீவு ஜெர்மனியிடம் இருந்தது. வெட்டியெடுத்த நிறுவனம் நிலத்துக்காரர்களுக்குக் கொடுத்தது டன்னுக்கு அரை பென்னி. முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் கூட்டாக ஓர் ஆணையம் அமைத்துச் சுரங்கத்தைத் தம் வசமாக்கின. மலிவு விலையில் தங்கள் விவசாயிகளுக்கு உரம் அனுப்பின. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை 1,200 பேரை ட்ரக் தீவுகளுக்குக் கொண்டுபோனது. உயிரோடு திரும்பியவர்கள் 737 பேர். அவர்கள் ஊர் திரும்பிய ஜனவரி 31ஆம் தேதியையே 1968இல் விடுதலை நாளாகத் தேர்ந்துகொண்டார்கள்.

இடையில் ஆஸ்திரேலியா இன்னொரு யோசனை சொன்னது: மொத்த மக்களும் குயின்ஸ்லாந்து கரையோரமுள்ள கர்டிஸ் தீவுக்குக் குடிபெயரலாம். தனி நாடாக இருக்க முடியாது என்றதும் நவுரு மறுத்துவிட்டது.

விடுதலைக்குப் பின் சுரங்கத்தை அரசே வாங்கியது. அதன் பிறகு நடந்தது வேதனையானது. மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம், சொந்த விமான நிறுவனம், 1993இல் லண்டனில் லியோனார்டோ டாவின்சியைப் பற்றிய இசை நாடகத்துக்கு முதலீடு. நாடகம் தோற்றது, கடன் ஏறியது, 2004இல் கட்டடமும் கைமாறியது.

2001இலிருந்து ஆஸ்திரேலியா தன் கரை தேடி வந்த அகதிகளை நவுருவில் அடைத்துவைக்கத் தொடங்கியது. அதற்குக் கிடைத்த பணமே நாட்டின் முக்கிய வருவாயானது. இப்போது குடியுரிமையும் விற்பனைக்கு வந்திருக்கிறது. கடல்மட்டம் உயர்வதால் கரையோரக் குடும்பங்களை உள்மேட்டுக்கு மாற்றியாக வேண்டும், அதற்குப் பணம் வேண்டும் என்கிறது அரசு. அந்த மேடு முழுக்கச் சுரங்கம் விட்டுப்போன சுண்ணாம்புப் பாறைத் தூண்கள். வீடு கட்டவோ பயிர் வைக்கவோ முதலில் அதைச் சமப்படுத்த வேண்டும்.

ஊதாரித்தனத்தை மட்டும் காட்டி நவுருவைக் குறைசொல்வது நியாயமல்ல. பாஸ்பேட்டில் சுமார் மூன்றில் ஒரு பங்கு விடுதலைக்கு முன்பே போய்விட்டது. சர்வதேச நீதிமன்றத்தில் நவுரு தொடுத்த வழக்கை, 1993இல் 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குச் சம்மதித்து ஆஸ்திரேலியா முடித்துக்கொண்டது. பாழான மேட்டைச் சீராக்க அது போதவில்லை. மீதிச் செலவையும் அந்த உரத்தால் விளைச்சல் கண்ட மூன்று நாடுகளே ஏற்க வேண்டும்.