வல்வில் ஓரிக்கு ஒரு ஸ்கார்ப்பியன் அம்பு

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 கணினி விளையாட்டை ஆடுகிற பலர் அதன் சினாரியோ எடிட்டர் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. அய்யோ, மொத்தக் கொண்டாட்டமும் அங்கேதான் இருக்கிறது! கூத்து நடக்கும்போது திரைக்குப் பின்னால் புகுந்து ராஜா வேஷக்காரரின் கிரீடத்தை நம் தலையில் வைத்துப் பார்க்கிற மாதிரியான சந்தோஷம் அது. தேவனூர் நாட்டில் மழை பிடித்துக்கொண்டால் வாசல் தாண்ட முடியாது. அந்த மாலைகளில் நான் எடிட்டரைத் திறந்து கட்டிக்கொண்டிருப்பது எங்கள் கொல்லிமலையை. அதன் உச்சியில் நிற்கப்போகிறவர் இந்த மலையை ஆண்ட சங்ககால வில்வீரர் வல்வில் ஓரி!

இந்த ஆசைக்கு விதை போட்டது 2022 ஏப்ரலில் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா. இந்த ஆட்டத்துக்கு வந்த எக்ஸ்பான்ஷன்களில் எனக்கு முதல் இடம் அதற்குத்தான். அதுவரை இந்தியர்கள் என்று ஒரே அணி. 2013-இன் தி ஃபர்காட்டனில் வந்தது. அதைப் பிரித்து திராவிடர், வங்காளர், கூர்ஜரர், இந்துஸ்தானியர் என்று ஆக்கினார்கள். திராவிடர் அணியின் வீரனைச் சொடுக்கினால் தமிழில் பதில் சொல்கிறான்! சுருள்வாள் வீசும் உருமி வீரன் இருக்கிறான், திரிசடை என்ற போர்க்கப்பல் இருக்கிறது, ராஜேந்திர சோழனுக்கென்று தனிப் படையெடுப்புக் கதையே இருக்கிறது. எனக்கு உச்சம் 'வூட்ஸ் ஸ்டீல்' ஆராய்ச்சிதான். அதை முடித்துவிட்டால் நம் காலாள், குதிரைப்படைகளின் வெட்டு எதிரியின் கவசத்தைச் சட்டைசெய்யாது. கொடுமணல் அகழாய்வில் இரும்பும் உருக்கும் செய்த உலைகளின் தடயம் கிடைத்த கொங்கு மண்ணின் பெருமையை ஒரே விதியில் அடக்கிவிட்டார்கள். இதை யோசித்தவருக்கு எங்கள் மலை மிளகில் ஒரு மூட்டை அனுப்பலாம்.

ஆனால் அந்தத் திராவிடர் அணியில் கடல் இருக்கிறது, உருக்கு இருக்கிறது, யானை இருக்கிறது, மலை இல்லை. மலையை நாம்தான் போட வேண்டும்.

சரி, எடிட்டருக்குள் வாருங்கள். முதல் வேலை மேடு எழுப்புவது. இந்த ஆட்டத்தில் மேட்டிலிருந்து அடித்தால் சேதம் 25 சதவீதம் கூடும், பள்ளத்திலிருந்து அடித்தால் அதே அளவு குறையும். காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் எந்தப் படைக்கும் என்ன கதி என்று யோசித்துப் பாருங்கள்! அத்தனை வளைவையும் வரைபடத்தில் கொண்டுவர முடியவில்லை, நான்கைந்தோடு நிறுத்திக்கொண்டேன். ஆகாய கங்கை அருவிப் பக்கம் அடர்ந்த காடு வைத்து அடைத்தாயிற்று.

இனி அம்பு. புறநானூறு 152-இல் வன்பரணர் காட்டும் ஓரியின் வேட்டை தெரியுமல்லவா? ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. ஆட்டத்தில் சாதாரண வில்லாளியின் அம்பு ஓர் உயிரோடு நின்றுவிடும். ஆனால் ஸ்கார்ப்பியன் என்ற முற்றுகை எந்திரம் இருக்கிறதே, அதன் அம்பு நிற்காது! வரிசையில் இருப்பவர்களையெல்லாம் துளைத்துக்கொண்டு போகும். டெஃபினிட்டிவ் எடிஷனின் ட்ரிக்கரில் 'மாடிஃபை ஆட்ரிபியூட்' என்று ஒரு கட்டளை உண்டு. வில்லாளி எய்வது எந்த அம்பு என்பதைக்கூட அதில் மாற்றலாம். ஓரியின் கையில் ஸ்கார்ப்பியன் அம்பைக் கொடுத்தேன். இரண்டாயிரம் வருஷத்துப் பாட்டுக்கு இந்த ஆட்டத்தில் பொருத்தமான அம்பு முன்பே தயாராக இருந்திருக்கிறது, நினைத்தாலே புல்லரிக்கிறது!

விலங்குகளை இயற்கையின் கணக்கில் விடாமல் எதிரி ஆட்டக்காரரின் கணக்கில் வைத்து வரிசையாக நிறுத்தினேன். மானும் காட்டுப்பன்றியும் 1999-இலிருந்தே இந்த ஆட்டத்தில் உண்டு. பன்றியை ஊர் மையத்துக்கு இழுத்து வராமல் ஆட்டமே நகராது. யானையும் புலியும் பிற்பாடு சேர்ந்தவை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா மகன் உடனே பிடித்துக்கொண்டான்: "அண்ணா, உடும்ப விட்டுட்டியே?"

உடும்பு எங்கே கிடைக்கும்? 2016-இன் ரைஸ் ஆஃப் தி ராஜாஸில்! பர்மியர், கெமர், மலாய், வியட்நாமியர் என்று தென்கிழக்கு ஆசியாவைச் சுற்றிய எக்ஸ்பான்ஷன் அது. அணிகள் என்னவோ எனக்குச் சுமார்தான். ஆனால் அதோடு கொமோடோ டிராகன் வந்தது. உடும்பு இனத்திலேயே மிகப் பெரியது, எங்கள் புற்றுக்குள் நுழையாது. இருக்கட்டும், இனம் ஒன்றுதானே. கடைசியில் அதை வைத்து, ஓரியைத் திருப்பி, எய்யச் சொன்னேன். அம்பு ஐந்தையும் தொட்டுக்கொண்டு போனபோது நாங்கள் போட்ட சத்தத்தில் அடுப்படியிலிருந்து சித்தி ஓடி வந்துவிட்டார்!

இப்போது இழுத்துக்கொண்டிருப்பது மலையமான் திருமுடிக்காரியின் பகுதி. ஓரியை வென்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தவர், குதிரைக்குப் பேர்போனவர். திராவிடர் அணிக்கோ நைட் வரிசைக் குதிரைவீரர்களே கிடையாது. எடிட்டரில் அதற்கும் வழி உண்டு: எந்த அணியின் குதிரையையும் யாருக்கும் கொடுக்கலாம், பெயரை மாற்றலாம், வேகத்தைக் கூட்டலாம். ஆடி பதினெட்டு வல்வில் ஓரி விழாவுக்குச் செம்மேட்டில் வில்வித்தைப் போட்டி தொடங்குவதற்குள் காரியை மலையேற்றிவிட வேண்டும். எந்த நாட்டுக் குதிரை என்பதில்தான் எனக்கும் தம்பிக்கும் இன்னும் சண்டை.