கொசு கடிக்கும் நேரம்

பினாங்கின் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீடுகளில் இரவு ஏழு மணிவாக்கில் விளக்கேற்றி, சாம்பிராணியோடு நாலு வேப்பிலையும் போட்டுப் புகை காட்டுவார்கள். புகைக்குக் கொசு விலகும் என்பது உண்மைதான். ஆனால் டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. விடிந்த பிறகு ஓரிரு மணி நேரமும் பொழுது சாய்வதற்கு முந்திய சில மணி நேரமும்தான் அதற்கு உச்சவேளை. பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்புவதும் மாலையில் விளையாடுவதும் அப்போதுதானே! எந்தக் கைவைத்தியம் செய்தாலும் அந்த வேளைகளில் செய்யுங்கள்.

தேங்காய் எண்ணெயில் சில சொட்டு செராய் (எலுமிச்சைப்புல்) எண்ணெயோ சிட்ரோனெல்லா எண்ணெயோ கலந்து கைகாலில் தடவலாம். ஆனால் வாசனை பறந்ததும் காவலும் போய்விடும். 2002இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தன்னார்வலர்கள் ஏடிஸ் கொசுக் கூண்டுக்குள் கையை நீட்டினார்கள். சிட்ரோனெல்லா பூச்சுகள் சராசரியாக 20 நிமிடம்கூடத் தாங்கவில்லை. 23.8 விழுக்காடு ‘டீட்’ என்னும் கொசுவிரட்டி மருந்து கலந்த பூச்சு ஐந்து மணி நேரம் காத்தது. கொசு விரட்டும் கைவளையங்களால் பயனே இல்லை. வெளியே நெடுநேரம் நிற்பவர்கள் மருந்துக்கடைப் பூச்சை வாங்குவதே நல்லது. கைக்குழந்தைக்கு எந்த எண்ணெயும் வேண்டாம், வலை போதும்.

அதிகச் செலவில்லாத காவல் மின்விசிறி. கொசுவுக்குப் பறக்கும் வலு குறைவு. நம் மூச்சுக்காற்றை மோப்பம் பிடித்து வரும் வழியையும் காற்று கலைத்துவிடும். கொசுவர்த்திச் சுருளை மூடிய அறையில் கொளுத்தாதீர்கள். சீன, மலேசியச் சுருள்களைச் சோதித்த 2003 ஆய்வின்படி, ஒரு சுருள் கக்கும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம்.

கொசு வராது என்று நம்பிப் பலர் பால்கனியில் செராய்த் தொட்டி வைக்கிறார்கள். கசக்காத இலையிலிருந்து எண்ணெய் வெளிவராது. செடி சும்மா நிற்கும். தொட்டிக்கு அடியில் உள்ள தட்டில் தேங்கும் தண்ணீரிலோ ஏடிஸ் முட்டையிடும். முட்டை கொசுவாகப் பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் தீராது, ஓரத்தில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்தும் பிழைத்திருக்கும். வாரம் ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். குளியலறை வாளியையும் சாமியறைப் பூச்சாடியையும் பாருங்கள்.

டிங்கி பினாங்குக்குப் பழைய பகை. மலாயாவில் டிங்கி முதலில் பதிவானது இங்கேதான், 1902இல். ரத்தக்கசிவு டிங்கியும் 1962இல் இங்கேதான் முதலில் தெரிந்தது.

வீட்டில் யாருக்காவது டிங்கி என்று தெரிந்தால் கொசுவலை முதலில் அவருக்குத்தான், அதுவும் பகலில். காய்ச்சல்காரரைக் கடித்த கொசுதான் சில நாளில் அடுத்தவருக்கு நோயைக் கொண்டுபோகிறது. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும் கொடுங்கள். ஆஸ்பிரின் ரத்தக்கசிவைக் கூட்டும். விடாத வயிற்றுவலி, வாந்தி, ஈறில் ரத்தம் என்றால், காய்ச்சல் இறங்கியிருந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.